காதுக்குள் போன ரேடியோ

"ஏத்தா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொறச்சு வையேன்... காது கொய்யினு இரையுது!"

எங்கள் அப்பத்தா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும் வாசகம் இது. பரமக்குடியில், பாதி வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்த தெரு எங்களுடையது. அந்தத் தெருவுக்கே ரேடியோ என்றால் எங்கள் ஐயாவின் ரேடியோதான். கைக்கெட்டாத உயரத்தில் பலகை அடித்து, அதற்கு ஒரு பூவேலை செய்த துணி உறையும் போட்டு வைத்திருப்பார். தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டி வைத்திருந்த பெட்டி! (ரேடியோவுக்கு லைசென்ஸா என்று இளம் தாய்மார்கள் சிரிக்கலாம். 1980-களின் நடுவில்தான் அந்தப் பழக்கம் ஒழிந்தது.)

காலையில் அதைத் திருகினால் வருவது பெரும்பாலும் இலங்கை வானொலிதான். 1939 முதலே திருச்சி வானொலி நமக்கு உண்டு. ஆனாலும் எங்கள் ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்குக் கொழும்பு சொந்த வீடு மாதிரி. அதற்கு ஒரு காரணமும் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை ஒலிபரப்பு தரையைவிடக் கடல்மேல் அதிக தூரம் வலுக்குறையாமல் வரும். 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பித்தால் உலையில் அரிசி போட வேண்டும், அது முடிந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டில் கடிகாரத்தை யாரும் பார்த்ததில்லை. கே.எஸ். ராஜாவின் வேகமும், அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'ம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிந்த குரலும் எங்கள் சமையலறைக்குள் சர்வ சாதாரணமாக நடமாடின.

எதிர்வீட்டில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன், நாடா ஓடும் சத்தத்துக்கு மேல் குரல் கொடுப்பார்: "ஐயா, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க, நல்ல பாட்டு!" திண்ணையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அவர் மனைவியும் தலையாட்டுவார். ஐயா கூட்டுவார். உடனே உள்ளேயிருந்து அப்பத்தா, "கொறச்சு வையி!" இவர் மறுபடி குறைப்பார். ஆக, எங்கள் ரேடியோவின் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஐயா அல்ல, தெரு!

அன்றைக்கு அது வெறும் தொந்தரவாகத்தான் பட்டது. அதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது என்பது எனக்குப் போன வருஷம்தான் உறைத்தது.

ஜப்பான்காரர் மனைவிக்கு வந்த கோபம்

இந்த ஊரில் கமல்ஹாசன் பிறந்தது 1954 நவம்பரில். அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் சட்டைப் பைக்குள் அடங்கும் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை, எங்கள் ஊர்ப் பெருமைக்காகச் சொன்னேன்! ஆனால், 'வீட்டுக்கு ஒரு பெட்டி' என்பது 'ஆளுக்கு ஒன்று' என்று மாற ஆரம்பித்தது அங்கேதான். 1963-ல் கேசட் வந்தது. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி கம்பெனி 'வாக்மேன்' என்ற கைக்கடக்கமான டேப்பை வெளியிட்டது. ஸ்பீக்கரே கிடையாது, காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

அந்த வாக்மேனில் ஒரு விசித்திரம். முதல் மாடலில் ஹெட்போன் செருகுவதற்கு இரண்டு துவாரங்கள் இருந்தன. ஏன் தெரியுமா? கம்பெனித் தலைவர் அகியோ மொரிடா, சோதனைக்காக அதை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது! தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியதுபோல் அந்த அம்மாளுக்கு இருந்திருக்கிறது. இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தனியாகக் கேட்பது மரியாதையில்லை, இரண்டு பேர் சேர்ந்து கேட்கட்டும் என்று முடிவு செய்து இரண்டாவது துவாரம் வைத்தார். அதோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும்.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்! இரண்டாவது துவாரத்தைச் சீந்துவாரில்லை. பேசுவதற்கான பொத்தானும் பின்னால் வந்த மாடல்களில் காணாமல் போயிற்று.

இப்போது எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்கள். அவர் ஈஸிசேரில் செய்தி கேட்கிறார். மருமகள் மாடியில் துணி மடித்துக்கொண்டே கதை கேட்கிறாள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஜோடி வெள்ளைக் குண்டுமணி காதில்! வயர்கூட இல்லாததால் கேட்கிறார்களா இல்லையா என்றே தெரிவதில்லை. நானும் யோக்கியமில்லை. ஒரு காதில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டில் லயித்துப்போய், குக்கர் விசில் மூன்றா நான்கா என்று தெரியாமல் பருப்பை அடிப்பிடிக்க விட்டவள்தான்.

கேசட்டில் வந்த கடிதம்

இதை எல்லாம் கெடுதல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன எழுபது, எண்பதுகளில், கடிதத்தோடு கேசட்டும் வரும். குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் தெருவில் கல்யாணமாகி இரண்டே மாதத்தில் புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருந்தாள் ஒரு அக்கா. கேசட் வந்தால் மாமனார் நடுக்கூடத்தில் டேப்பை வைப்பார். மாமியார், கொழுந்தன், நாத்தனார், அக்கம்பக்கம் எல்லாரும் சுற்றி உட்காருவோம். "அம்மா, நல்லாருக்கியா? மாட்டுக்குப் புல் கட்டு வாங்கிப் போட்டீகளா?" என்று ஊர்க்கதையெல்லாம் வரும். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்புறம்... அவளையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று ஒரு வரி.

அவ்வளவுதான் அவள் பங்கு. வீடே கேட்கும் என்று தெரிந்த மனுஷர் வேறென்ன பேசுவார்? எல்லாரும் தூங்கின பிறகு அந்த அக்கா டேப்பைத் தன் முகத்தோடு வைத்து, சத்தத்தை இருக்கிற இடம் தெரியாமல் குறைத்து, அந்த ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டதை அவளே பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறாள். இன்று அவள் மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, துபாயில் இருக்கும் புருஷனோடு தினமும் அரை மணி நேரம் சிரித்துப் பேசுகிறாள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு குரல் கேட்கக் கிடைப்பது சின்ன விஷயமா? அந்த வெள்ளைக் குண்டுமணியைக் கையெடுத்துக் கும்பிடலாம்!

ஆகவே என் புகார் தனியாகக் கேட்பதைப் பற்றி அல்ல. தனியாகக் கேட்கும்போது "கொறச்சு வை" என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்றே, அதைப் பற்றித்தான்.

'ங்ங்...' என்று ஒரு சத்தம்

என் கடைசி நாத்தனார் மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். சாது. பாட்டு என்றால் உயிர். ராத்திரி படிக்கும்போது பாட்டு, படித்து முடித்தால் போனில் விளையாட்டு, தூங்கும்போதும் காதில் பாட்டு. "நம்ம பிள்ளை இருக்கிற இடமே தெரியாது மதினி, அவ்வளவு அமைதி" என்று அவள் பெருமையாகச் சொல்வாள். வீடு அமைதி, அவன் காதுக்குள்தான் திருவிழா!

முதலில், கூப்பிட்டால் திரும்பவில்லை. திமிர் என்று திட்டினோம். பிறகு "என்ன? என்ன?" என்று இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தான். கவனமில்லை என்றோம். ஒருநாள் ராத்திரி, மின்சாரம் போய் ஃபேன் நின்றிருந்த நேரத்தில், "அத்தை, உங்களுக்கும் 'ங்ங்'னு ஒரு சத்தம் கேக்குதா? கரண்டு போனாலும் நிக்க மாட்டேங்குது" என்று கேட்டானே பாருங்கள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று மாதமாகக் கேட்கிறதாம்! எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது பிள்ளை.

மதுரைக்குக் கூட்டிப் போனோம். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலியில்லை, ஊசியில்லை. வந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். "அதிகச் சத்தத்தால் அடிபட்ட காது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் காட்டும்மா" என்றார் டாக்டர். 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் இந்த மேல் ஸ்தாயியில்தான் இருக்கின்றன. அதனால்தான் நாம் பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொன்னோம் என்பது தெளியாது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள். பிறக்கும்போது கொண்டுவந்ததுதான்; கூடுதலாக ஒன்று முளைக்காது. சத்தம் வந்தால் இவை நாற்றுப் போல் சாய்ந்து நிமிரும். அளவோடு இருந்தால் நிமிர்ந்துவிடும். திருவிழாக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தால் காது அடைத்த மாதிரி இருந்து, மறுநாள் சரியாகிறதே, அது இதுதான். தினம் தினம் அதே அடி விழுந்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான். செத்த மயிரணுவை எழுப்ப இன்றுவரை மருந்து இல்லை.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இப்படிக் கேட்கும் பழக்கத்தால் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்களின் செவி ஆபத்தில் இருக்கிறது என்கிறது அது. அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு நம் வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரியேதான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் வாரத்துக்கே 4 மணி நேரம். 100 டெசிபலானால் 20 நிமிஷம்! மூன்று டெசிபல் கூடினாலே காதில் விழும் சக்தி இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் எண் கொஞ்சம் ஏறியதும் நேரம் இப்படிச் சரிகிறது. குழந்தைகளுக்கு இன்னும் கண்டிப்பு: 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி.

டெசிபல் என்றால் நமக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60. மிக்ஸி ஓடும்போது 80-ஐத் தாண்டுவது சகஜம். போனை முழுச் சத்தத்தில் வைத்தால் காதுக்குள் 100-க்கு மேல் கொடுக்கும் கருவிகள் உண்டு. அதாவது வாரக் கணக்கை நாலைந்து பாட்டிலேயே தீர்த்துவிடலாம்!

டாக்டர் ஒரு எளிய சோதனை சொன்னார். பிள்ளை காதில் மாட்டியிருக்கும்போது, ஒரு கை தூரத்தில் நின்று, குரலை உயர்த்தாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லையா? சத்தம் அதிகம். அவன் காதிலிருக்கும் பாட்டு உங்களுக்கே கேட்கிறதா? ரொம்ப அதிகம். அளவுக் கோட்டில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு அறுபது போதும். ஒரு மணிக்கொரு தரம் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இப்போது வரும் பல போன்களில், இதற்கு மேல் சத்தம் ஏறக் கூடாது என்று நாமே பூட்டு போட்டு வைக்கும் வசதி இருக்கிறது. நான் என் போனில் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். பிள்ளைகளைக் கேட்டால் அரை நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். வெளிச் சத்தத்தை அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டுகிறோம், இறங்கின பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொன்னார். காது இரைகிறது என்று வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், 'சளி பிடித்திருக்கும், நாலு நாள் பார்ப்போம்' என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதற்கு மருந்து உண்டு, ஆனால் நாள் தள்ளினால் பலிக்காது.

தொட்டில் பிள்ளைக்கு என்ன?

கைக்குழந்தைக்காரிகள், 'நம் பிள்ளை இன்னும் காதில் மாட்டவில்லையே' என்று இருந்துவிட வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மையைக் குழந்தை எப்படிப் பிடிக்கிறது பாருங்கள். நேரே காதோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். அதன் கை அவ்வளவுதான் நீளம்! பொம்மையின் ஸ்பீக்கர் துவாரத்தின்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டால் சத்தம் தணியும். குழந்தை பிய்த்து வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு நஷ்டமும் உண்டு. அமெரிக்காவில் வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பத்து மாதம் முதல் பதினாறு மாதம் வரையான 26 குழந்தைகளைத் தாய் தகப்பனோடு விளையாட விட்டுப் பார்த்தார்கள். 2016-ல் வந்த ஆராய்ச்சி இது. பாடும் பொம்மை கையில் இருந்தபோது பெற்றவர்கள் பேசிய சொற்கள் குறைவு; படப் புத்தகம் இருந்தபோது அதிகம். பொம்மை பேச ஆரம்பித்ததும் அம்மா வாயை மூடிக்கொள்கிறாள்! 'எங்கள் ரேடியோவும் நாள் முழுக்கப் பாடியதே?' என்று கேட்பீர்கள். பாடியதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் அப்பத்தா, அத்தை, சித்தி என்று ரேடியோவைத் தோற்கடிக்கும் ஆறு வாய்கள் இருந்தன.

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதையும் பிறந்த முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள்; எங்கள் மாவட்டத்துக்கு 2022-ல் ராமநாதபுரத்தில் ஒன்று வந்திருக்கிறது. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பேச்சு நன்றாக வரும். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கில் ஆகும் சிகிச்சை அது. 'அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார், இவனும் பேசுவான்' என்று வருஷத்தைக் கடத்தாதீர்கள்.

தெருச் சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. சித்திரையில் எங்கள் ஊர் வைகையிலும் அழகர் இறங்குவார். ரேடியோ செட்டுக்காரர்கள் தெருவுக்குத் தெரு குழாய் கட்டுவார்கள். அது இல்லாமல் திருவிழாவா? ஆனால் கைக்குழந்தையோடு குழாயின் அடியில் நிற்காதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும். பத்தடிக்குப் பதில் நாற்பதடியில் நின்றாலே எவ்வளவோ மேல். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. சில விசேஷ நாட்களுக்கு மட்டும் அரசாங்கம் நள்ளிரவு வரை தளர்த்தலாம்.

நாத்தனார் மகன் இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. மேலும் ஆழமாகவில்லை என்று ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனை சொன்னது. அந்த 'ங்ங்' பகலில் தெரிவதில்லையாம், ராத்திரி நிசப்தத்தில்தான் உபத்திரவம். தூங்கும்போது மெல்லிய சத்தம் ஏதாவது அறையில் இருந்தால் அது அமுங்கிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக எங்கள் பரணிலிருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்து எடுத்துப் போயிருக்கிறான். போன வாரம் அங்கே தங்கியிருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு அவன் அறையிலிருந்து பாட்டு கேட்டது.

"கொஞ்சம் கொறச்சு வைப்பா" என்றேன்.

"கேக்குதா அத்தை?" என்று கேட்டுவிட்டுக் குறைத்தான்.